விடைத்தாளில் ஒரு பிள்ளையார் சுழி

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். இந்தப் பக்கம் நான் நின்றேன். நடுவில் என் விடைத்தாள். அதன் தலையில், அச்சடித்த அரபு வரிக்குச் சற்றுக் கீழே, நான் எழுதிய முதல் எழுத்து. அதைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

உ.

"இது என்ன?" என்று டொக்டர் சல்மா அரபியில் கேட்டார். சாம்பல் நிறக் கோட்டும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்த அவர்தான் பரீட்சைக் குழுவின் தலைவி.

பிள்ளையார் சுழியை அரபியில் என்னவென்று சொல்வது? நான் படித்த எந்தப் பாடத்திலும் அது வரவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிய கதையை வாசித்த மானிப்பாய் வாசகி ஒருவர், "அங்கே போய் முதல் பத்து நாளும் எப்படிப் போச்சுது?" என்று கேட்டு எழுதியிருந்தார். மற்ற நாட்களை விடுங்கள். இது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பதாம் நாள்தான் என்னை ஆளாக்கிய நாள்.

இடம், ஜோர்தான் நாட்டின் தலைநகர் அம்மான். அரபு படிக்க ஓராண்டுப் புலமைப்பரிசிலில் போயிருந்தேன். ஆனால் அதற்கு ஒரு வால் இருந்தது. முதல் பத்து நாளுக்குள் ஒரு நுழைவுப் பரீட்சை. தேறினால் இருக்கலாம். தேறாவிட்டால் ஊருக்கு டிக்கெட் எடுத்து அவர்களே மரியாதையாக அனுப்பி வைப்பார்கள்.

பரீட்சை மண்டபத்தில் விதியை இரண்டு தரம் வாசித்தார்கள். தாளில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். பெயரோ வேறு எந்த அடையாளமோ இருந்தால் தாள் தள்ளுபடி. எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. எல்லாம் விளங்கிவிட்டதே என்ற புளுகத்தில், சந்தோசத்தில், பேனையை எடுத்தேன். கை தன் பாட்டில் உ போட்டுவிட்டது.

நான் என்ன செய்ய? இணுவிலில் எழுதப் பழகிய கை அது. சந்தைக்குப் போகும் சிட்டைக்கும் உ போட்டுத்தான் அதற்குப் பழக்கம். தாள்களைச் சேர்த்த கையோடு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அலுமாரியில் ஒரு கடதாசி

நான் ஏன் அரபு படிக்கப் போனேன் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் கதை நொண்டும்.

அப்பா நோயில் போன பிறகு அம்மா குவைத்துக்குப் போனா. அங்கே ஒரு வீட்டில் ஆறு வருடம் சமையல். அந்த ஆறு வருடமும் நான் மானிப்பாயில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். திரும்பி வரும்போது அம்மா புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வை ஒன்றும், அடுப்படியில் பிடித்த கொஞ்சம் குசினி அரபும், ஒரு கடதாசியும் கொண்டுவந்தா.

கடதாசி நாலாக மடித்தது. போய் இறங்கிய அன்றே கையெழுத்து வைக்கச் சொன்ன ஒப்பந்தம். முழுவதும் கையால் எழுதிய அரபு. அதை அம்மா கூறைச் சேலைக்குக் கீழே வைத்திருந்தா. அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் பார்க்காமலே மூடுவா.

ஒரு நாள் கேட்டேன்.

"அதிலை என்ன எழுதியிருக்கம்மா?"

"எனக்கென்னெண்டு தெரியும் பிள்ளை? இஞ்சை வை எண்டு விரலாலை காட்டிச்சினம், வைச்சனான். பிறகு ஆறு வருசமும் அந்தப் பயம்தான். என்னத்துக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு நிக்கிறனோ தெரியாது."

"யாரிட்டையும் குடுத்து வாசிப்பிப்பமே?"

"வேண்டாம். வெக்கக்கேடா ஏதும் கிடந்தா? நீ படிச்சு நீ வாசி. இல்லாட்டி அது அப்பிடியே கிடக்கட்டும்."

களவாகப் படம் எடுத்துக் கைபேசி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "குளிர்ந்த தகப்பனின் சாவி" என்று வந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து இயந்திரமும் பாவம் குழம்பிவிட்டது.

பிறகு யாழ்ப்பாணம் டவுனில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. பெண்கள் வருவார்கள். அரபுப் படிவங்கள் வரும். நான் மேசைக்கு மேலாலே எட்டி விரலால் இடம் காட்டுவேன். "இஞ்சை வையுங்கோ அக்கா." அவர்கள் வைப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அம்மாவுக்கு யாரோ காட்டிய விரலும் என் விரலும் ஒன்றுதான் என்று ஒரு நாள் உறைத்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரமே ஐந்து சந்தியடிக்குச் சைக்கிளை விட்டேன். அங்கே ராத்தா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அக்கா சின்னப் பிள்ளைகளுக்கு அரபு எழுத்துப் பழக்குவார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருபத்துநாலு வயதுக் கழுதை ஒன்று சம்மணம் கொட்டி இருந்தது. இரண்டு வருடம் இருந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளை நான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இணுவிலில் கதை பரவிற்று. சைவப் பிள்ளைக்கு உதென்ன வேலை என்றார்கள் சிலர். அம்மானுக்குப் போகிறாளாம் என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு மாமி, "எந்த அம்மான் வீட்டுக்கு? தாய்க்குத்தான் ஆண் சகோதரம் ஒருத்தரும் இல்லையே," என்றா. விளையாட்டுக்குச் சொன்னாவா மெய்யாகவே கேட்டாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாண் வாங்கப் போனவள்

அம்மான் மேடும் பள்ளமும் படியுமான ஊர். வீடெல்லாம் வெள்ளைக் கல். எனக்குக் கிடைத்த அறை நாலாம் மாடியில். தண்ணீர் கிழமைக்கு ஒரு தரம்தான் வரும், கூரைத் தாங்கியில் பிடித்து வைக்க வேண்டும். கிணற்றில் வாளி வாளியாக அள்ளி ஊற்றியவள், ஒரு சின்னப் பேணியால் குளிக்கப் பழகினேன்.

கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரி உம் காலித். காலித்தின் தாய் என்று அர்த்தம். அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் விடிய, குளிருக்குப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தெருவில் அந்த மெட்டுக் கேட்கிறது. நம்மூரில் பேக்கரிப் பாண் விற்க வரும் பாண்காரரின் ஓட்டோ போட்டுக்கொண்டு வருமே, அதே மெட்டு! ஒரு சுரம் மாற்றமில்லை. எனக்கு நெஞ்சு குதித்துவிட்டது. இங்கேயும் பாண்காரர் வருகிறார்! தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, தலைமுடியை அள்ளிச் செருகியபடி, நாலு மாடியும் இறங்கி ஓடினேன்.

அந்த மெட்டைப் போட்டபடி சின்ன லொறி ஒன்று நின்றது. நிறைய காஸ் சிலிண்டர்.

லொறிக்காரர் என்னைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார். நான் மூச்சு வாங்கியபடி, புத்தகத்தில் படித்த சுத்தமான அரபில், "ஐயா, எனக்கு இரண்டு ரொட்டி வழங்குவீராக," என்றேன். புத்தக அரபு அப்படித்தான். இணுவில் சந்தையில் போய் நின்று செந்தமிழில் கத்தரிக்காய் கேட்டால் எப்படியிருக்கும்? அப்படி.

அவர் ஒரு சிலிண்டரைத் தட்டிக் காட்டி, "இது நன்றாக வெந்ததுதான், கொஞ்சம் பாரம்," என்றார்.

மேலே பல்கனியில் நின்ற உம் காலித் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு யன்னல்களும் திறந்தன. எனக்கு அழுகை வந்தது. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு மெய்யாகவே அழுதேன். அரபு படிக்க வந்தவளுக்குப் பாணையும் காஸையும் பிரிக்கத் தெரியவில்லையே என்று.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. உம் காலித். கையில் எள்ளுத் தூவிய வளைய ரொட்டி இரண்டு, சூடாக. "சாப்பிடு, ரொட்டிப் பெண்ணே," என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

மற்ற நாட்களெல்லாம் படிப்புத்தான். யன்னலோரம் இருந்து, கைவிரல் விறைக்க விறைக்க எழுதினேன். அம்மா ஒவ்வொரு நாளும் கைபேசியில் வருவா.

"சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா."

"சோதினை எப்ப?"

"ஒன்பதாம் நாள்."

"சரி, படி. நான் வைக்கிறன்." கடதாசியைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டா. கேட்காததுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

வெங்காயத்துக்குமா?

மறுபடியும் அந்த மேசைக்கு வருகிறேன்.

"அடையாளம் போடக்கூடாது என்று சொன்னோம், இல்லையா?" இது மற்றவர். ஒல்லியான, மீசை வைத்த பரீட்சகர். "திருத்துகிற யாருக்காவது இது சைகையாக இருக்கலாம். விதி விதிதான். தாள் தள்ளுபடி." சொல்லிக்கொண்டே தாளை ஒரு பழுப்பு உறைக்குள் செருகத் தொடங்கினார்.

உறைக்குள் தாள் பாதி போய்விட்டது. என் கண்ணுக்கு அந்தத் தாள் தெரியவில்லை. அலுமாரிக்குள் நாலாக மடித்துக் கிடக்கும் மற்றத் தாள்தான் தெரிந்தது. நான் திரும்பிப் போனால் அது அப்படியே கிடக்கும். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமலே கதவை மூடிக்கொண்டிருப்பா.

"ஷுவை! ஷுவை!" என்று கத்திவிட்டேன்.

கொஞ்சம் பொறு என்று அர்த்தம். ஆனால் அது புத்தக அரபு இல்லை. பால் பொங்கி வழியும்போது அம்மா போடுகிற சத்தம். இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். டொக்டர் சல்மாவின் உதடு லேசாக அசைந்தது.

"இதை எங்கே படித்தாய்?"

"என் அம்மாவிடம். குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் சமைத்தவர்."

இதைச் சொல்லும்போது வழக்கமாக எனக்குத் தலை குனியும். அன்று குனியவில்லை. எங்கிருந்து வந்தது அந்தத் துணிவு என்று தெரியாது. தாளின் உச்சியில் அச்சடித்திருந்த இறைவனின் பெயரால் என்ற வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"இதை ஏன் முதலில் அச்சடித்திருக்கிறீர்கள்?"

"எதையும் அப்படித்தான் தொடங்குவோம்," என்றார் மீசைக்காரர்.

"நாங்களும் தொடங்குவோம். இதுதான் எங்கள் தொடக்கம். காரியம் தடையில்லாமல் நடக்கட்டும் என்று போடுவது. எங்கள் ஊரில் இது இல்லாமல் ஒருவரும் எதையும் எழுதமாட்டார்கள். நான் போடவில்லை. என் கை போட்டது."

"சொல்லலாம். அத்தாட்சி?"

அத்தாட்சி! கைப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். சீப்பு விழுந்தது, இருமல் மாத்திரை விழுந்தது, அம்மா தந்துவிட்ட மிளகாய்த்தூள் சரை ஒன்று விழுந்து லேசாக வெடித்தது. கொப்பியை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தேன். முதல் பக்கம், உ. அடுத்த பக்கம், உ. வினைச்சொல் அட்டவணை, உ. பேருந்து இலக்கம் குறித்த துண்டு, உ. உம் காலித்தின் தொலைபேசி எண், உ.

மீசைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரட்டினார். மிளகாய்த்தூள் மூக்கில் ஏறி இரண்டு தரம் தும்மினார். கடைசியில் ஒரு சின்னச் சிட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஊர்ப்படி உ போட்டு, கீழே பழக்கத்துக்காக அரபில் எழுதியிருந்தேன். வெங்காயம், தக்காளி, பருப்பு.

"வெங்காயத்துக்குமா?" என்றார்.

"வெங்காயத்துக்கும்," என்றேன்.

முதலில் டொக்டர் சல்மாதான் சிரித்தார். கண்ணாடி கழுத்தில் ஆடும்படி சிரித்தார். மீசைக்காரர் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்துப் பார்த்தார், பிறகு அவரும் விழுந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிந்திய மிளகாய்த்தூளை மேசையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தேன்.

"விதியை மாற்ற முடியாது," என்று டொக்டர் சல்மா கண்ணைத் துடைத்தார். "அடையாளம் உள்ள தாளைக் கணக்கில் எடுக்க முடியாது. ஆனால் ஐயம் வந்தால் நாங்கள் இருவரும் வாய்மொழியாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று அதே விதியில் இருக்கிறது. உட்கார். பேசு."

"எதைப் பற்றி?"

"வந்து இறங்கிய கதையைச் சொல்லேன்."

நான் பாண் வாங்கப் போன கதையைச் சொன்னேன். தட்டோடு ஓடியதையும், நன்றாக வெந்த சிலிண்டரையும் சொன்னேன். அவர்கள் மறுபடி சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் என் விரலைப் பற்றிச் சொன்னேன். கந்தோர் மேசை, கையெழுத்து வைத்த அக்காமார், அலுமாரிக் கடதாசி. புத்தக அரபும் குசினி அரபும் கலந்தடித்து, ஆண்பாலைப் பெண்பாலாக்கி, வராத சொல்லைக் கையால் காட்டி, நிறுத்தாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வெளியே மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"அந்தக் கடதாசியின் படம் உன்னிடம் இருக்கிறதா? காட்டு, வாசித்துச் சொல்கிறேன்," என்று மீசைக்காரர் மெல்லக் கேட்டார்.

"இருக்கிறது. ஆனால் நான்தான் வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் வாக்கு."

டொக்டர் சல்மா ஒரு தாளை இழுத்து என் எண்ணை எழுதினார். "முதலாம் வகுப்பு உனக்கு வேண்டாம். இரண்டாம் வகுப்பும் வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை வா. அங்கேதான் கையெழுத்து வாசிக்கப் பழக்குகிறோம். வாதாடத் தெரிந்தவளை வீட்டுக்கு அனுப்பினால் அவள் அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிடுவாள்."

வந்திருந்தவர்களில் நேராக மூன்றாம் வகுப்புக்குப் போனவள் நான் ஒருத்திதான். பெருமையடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம். அடிக்கத்தான் செய்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போன படிகளை நான் ஏறினேனா பறந்தேனா என்று நினைவில்லை. வழியில் காஸ் லொறி நின்றது. "பாஸ்!" என்று கத்தினேன். லொறிக்காரருக்கு என்னவென்று விளங்கியிருக்காது, ஆனாலும் எனக்காக அந்த மெட்டை இன்னொரு தரம் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை

இப்போது நான் அதே யாழ்ப்பாணத்தில், வேறொரு மேசையில் இருக்கிறேன். பெண்கள் கடதாசியோடு வருவார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துச் சொன்ன பிறகுதான் என் விரல் கையெழுத்து வைக்கும் இடத்துக்குப் போகும். ஆனால் அந்த விரல் முதலில் வாசித்தது அம்மாவின் கடதாசியை.

மூன்றாம் வகுப்புத் தொடங்கி ஏழெட்டுக் கிழமை போயிருக்கும். விடுமுறை நாள். எனக்கு மத்தியானம், இணுவிலில் பின்னேரம். கைபேசியில் அம்மாவின் முகம்.

"அம்மா, நான் வாசிச்சிட்டன்."

அம்மா பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து இருந்தா. "சொல்லு," என்றா. முகம் சுருங்கிப் போயிருந்தது.

ஏழு வரி. ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னேன். பெயர், ஊர், சமையல் வேலை. படுக்கத் தனி அறை. நாலாவது வரிக்கு வந்தேன்.

"கிழமையிலை ஒரு நாள், வெள்ளிக்கிழமை, வேலை செய்யிற ஆளுக்கு முழு ஓய்வு."

அம்மா கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தா.

"திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன்.

"வெக்கக்கேடா ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லையம்மா. நல்ல கடதாசி. ஒருத்தரும் உங்களுக்கு வாசிச்சுக் காட்டேல்லை, அவ்வளவுதான்."

"அந்த வீட்டுக்கார மனிசி வெள்ளிக்கிழமையிலைதானே விருந்துக்காரரைக் கூப்பிடுறவ," என்றா அம்மா. "முப்பது பேருக்குச் சமைச்சிருக்கிறன் பிள்ளை. ஆறு வருசம். ஒரு வெள்ளியும் நான் ஆறியிருந்ததில்லை."

அழப்போறா என்று நினைத்தேன். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனால் அம்மாவின் முகத்தில் நான் பார்த்தது வேறு. ஆறு வருடப் பயம் போய், அந்த இடத்தில் நல்ல சுத்தமான கோபம் ஒன்று வந்து குந்தியிருந்தது. அது அவவுக்கு வடிவாகவும் இருந்தது.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி அம்மா."

அப்போதுதான் அந்த மெட்டுக் கேட்டது. எங்கள் ஒழுங்கையில், எங்கள் படலையடியில், பாண்காரரின் ஓட்டோ. அம்மா எழும்பினா. கைபேசியை நிறுத்தவும் மறந்து, கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. எனக்குக் கூரை ஓடு மட்டும் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

"மீன் பணிஸ் வேண்டாம் தம்பி, இண்டைக்கு வெள்ளி. ஒரு றாத்தல் பாண் தாங்கோ."

"என்னக்கா, நீங்கள் பாண் வாங்கிறேல்லையே? சமைக்கேல்லையோ?"

"இல்லைத் தம்பி," என்றா அம்மா, தெருவுக்கே கேட்க. "எனக்கு இண்டைக்கு லீவு."